தசம எண் வகுத்தல்: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லித் தருகிறேன். தசம எண்ணைக் கூட்டுவார்கள், கழிப்பார்கள், பெருக்குவார்கள். வகுத்தல் வந்ததும் பென்சில் நின்றுவிடும். அந்த இடத்தில் அவர்கள் கேட்டவையும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்று கேட்டவையும்தான் கீழே இருக்கின்றன. என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: புள்ளி தானாக எங்கும் ஓடுவதில்லை, நாம்தான் அலகை மாற்றுகிறோம். ரூபாயைப் பைசாவாக்குகிறோம், மீட்டரைச் சென்டிமீட்டராக்குகிறோம். இது பிடிபட்ட பிள்ளைக்கு விதியை மனப்பாடம் செய்யும் வேலை பெரும்பாலும் இல்லை.

இதைத் தொடங்கும் முன் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வாய்ப்பாடு தெரிய வேண்டும். முழு எண்களின் நீள் வகுத்தல் தடுமாறாமல் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் தசம வகுத்தலுக்குப் போனால், பிள்ளை தவறு செய்வது வாய்ப்பாட்டில், நாம் திட்டுவது புள்ளிக்காக என்று ஆகிவிடும்.

மூன்றாவதாக இடமதிப்பு. அதைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: 2.5 பெரிதா, 2.45 பெரிதா? "2.45தான் மிஸ், நாற்பத்தஞ்சு அஞ்சை விடப் பெருசுல்ல" என்று பதில் வந்தால் வகுத்தலை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். அந்தப் பிள்ளை புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனி முழு எண்ணாகப் படிக்கிறது. 2.45ஐ "இரண்டு புள்ளி நான்கு ஐந்து" என்றே படிக்கச் சொல்லுங்கள். "இரண்டு புள்ளி நாற்பத்தைந்து" என்று வீட்டில் நாமே சொல்லிப் பழக்கியிருப்போம். பிறகு 2.5ஐ 2.50 என்று எழுதிக் காட்டி, இரண்டையும் ரூபாயாக நினைக்கச் சொன்னால் அந்தக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

தசம எண்ணை முழு எண்ணால் வகுப்பது எப்படி?

50 ரூபாய் 40 பைசாவை நான்கு பேர் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50.40 ÷ 4.

வழக்கமான வகுத்தல்தான். 5இல் நான்கு ஒரு முறை போகும், மீதி 1. அடுத்த 0ஐ இறக்கினால் 10. இருநான்கு எட்டு, மீதி 2. இப்போது புள்ளி வந்துவிட்டது. அதற்கு நேர் மேலே, ஈவிலும் ஒரு புள்ளி வையுங்கள். 4ஐ இறக்கினால் 24, ஆறுநான்கு இருபத்துநான்கு. கடைசி 0 அப்படியே 0. விடை 12.60.

புள்ளியை ஏன் நேர் மேலே வைக்கிறோம்? மீதி வந்த அந்த 2, இரண்டு ரூபாய். அதை நாலு பேருக்கு ரூபாயாகக் கொடுக்க முடியாது. சில்லறை மாற்றி 20 பத்துப் பைசாவாக்குகிறோம். அதனோடு கையில் ஏற்கெனவே இருக்கும் 4 பத்துப் பைசாவைச் சேர்த்தால் 24. புள்ளியைத் தாண்டும் அந்த நொடியில் நடப்பது சில்லறை மாற்றுவதுதான். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்க ரூபாயிலேயே கணக்குக் கொடுப்பேன். பத்துப் பைசா நாணயத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை (25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயின). அதனால் அட்டையில் வட்டம் வெட்டி நாங்களே செய்துகொள்கிறோம்.

என் மகன் 6.12 ÷ 6 = 1.2 என்கிறான். எங்கே தவறு?

இந்தப் பாடத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஓராறு ஆறு, மீதி இல்லை. புள்ளி வைத்தாயிற்று. அடுத்து 1ஐ இறக்குகிறான். ஒன்றில் ஆறு போகாது. போகாது என்று தெரிந்ததும் 2ஐயும் சேர்த்து இறக்கி 12 ஆக்கி, இரண்டு முறை என்று எழுதிவிடுகிறான். போகாத இடத்தில் பூஜ்ஜியம் போட மறந்துவிட்டான். சரியான விடை 1.02.

"ஒரு இலக்கம் இறக்கினால் மேலே ஒரு இலக்கம் எழுதியே ஆகவேண்டும்" என்று சொல்லிக்கொடுங்கள். போகவில்லையா, பூஜ்ஜியம் எழுது, பிறகு அடுத்ததை இறக்கு. கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதவைத்தால், வெறுமையாக விடப்பட்ட கட்டம் பிள்ளையின் கண்ணிலேயே படும். அதற்கு மேலும் சந்தேகமா? திரும்பப் பெருக்கட்டும். 1.2 × 6 = 7.2. நம்மிடம் இருந்ததோ 6.12தான்.

கடைசியில் மீதி வந்தால் நிறுத்திவிடலாமா?

முழு எண் வகுத்தலில் 13 ÷ 4 என்றால் ஈவு 3, மீதி 1 என்று நிறுத்துவோம். தசமத்தில் நிறுத்த வேண்டியதில்லை. 13 என்பதும் 13.00 என்பதும் ஒன்றே. புள்ளிக்குப் பின்னால் வேண்டிய அளவு பூஜ்ஜியங்கள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ளலாம். 10இல் நான்கு இரண்டு முறை, மீதி 2. 20இல் ஐந்து முறை. விடை 3.25.

சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுக்கச் சொன்னால் "இது வராது மிஸ்" என்று சில பிள்ளைகள் மூடிவைத்துவிடுவார்கள். வரும். 0.9 ÷ 12ஐப் பாருங்கள். 0இல் போகாது, 0. புள்ளி. 9இல் போகாது, 0. 90இல் ஏழு முறை (84), மீதி 6. 60இல் ஐந்து முறை. விடை 0.075. நகைக்கடையில் இதே கணக்குத்தான் நடக்கிறது. ஒரு பவுன் 8 கிராம். 3.6 கிராம் மோதிரம் எத்தனை பவுன்? 3.6 ÷ 8 = 0.45 பவுன், அதாவது அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

வகுக்கும் எண்ணிலேயே புள்ளி இருந்தால் என்ன செய்வது? இரண்டு புள்ளியையும் நகர்த்தச் சொல்கிறார்களே, ஏன்?

பூக்காரம்மாவிடம் 3.6 மீட்டர் மல்லிகைச் சரம் இருக்கிறது. ஒரு முழம் என்பதை 0.45 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். (முழம் ஆளுக்கு ஆள் மாறும், வாங்குகிறவர் கைக்கும் விற்கிறவர் கைக்கும் உள்ள வழக்கு ஊரறிந்தது.) எத்தனை முழம் வரும்?

3.6 ÷ 0.45 என்று எழுதினால் பயமாக இருக்கிறது. அதையே சென்டிமீட்டரில் சொல்லுங்கள்: 360 சென்டிமீட்டர் சரத்தில் 45 சென்டிமீட்டர் எத்தனை முறை அடங்கும்? 360 ÷ 45 = 8. எட்டு முழம். சரம் நீளவில்லை, முழம் மாறவில்லை. மீட்டரில் அளந்தாலும் சென்டிமீட்டரில் அளந்தாலும் அதே எட்டு முழம்தான்.

"இரண்டு எண்ணிலும் புள்ளியை இரண்டு இடம் வலப்பக்கம் நகர்த்து" என்று பள்ளியில் சொல்வது இதைத்தான். இரண்டையும் 100ஆல் பெருக்குகிறோம். வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் ஒரே அளவு பெருகுவதால் ஈவு மாறாது. வகுக்கும் எண் முழு எண்ணாகும் வரை நகர்த்தினால் போதும். வகுபடும் எண்ணில் புள்ளி மிச்சம் இருந்தால் இருக்கட்டும், அதை எப்படிக் கையாள்வது என்றுதான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே.

இரண்டிலும் புள்ளியை அழித்துவிட்டு வகுத்தால் போதாதா?

போதாது. 4.2 ÷ 0.07இல் இரண்டு புள்ளியையும் அழித்தால் 42 ÷ 7 = 6 என்று வரும். ஆனால் 4.2 பத்தால் பெருகியது, 0.07 நூறால் பெருகியது. ஒருவருக்குப் பத்துப் பைசாக் கணக்கு, இன்னொருவருக்கு ஒரு பைசாக் கணக்கு என்று ஆகிவிட்டது. இரண்டையும் நூறால் பெருக்கினால் 420 ÷ 7 = 60. இலக்கம் போதாத இடத்தில் பூஜ்ஜியம் போட்டு நிரப்ப வேண்டும்.

வகுத்தால் எண் குறையத்தானே வேண்டும்? 5 ÷ 0.5 எப்படி 10 ஆகிறது?

"மிஸ், வகுத்தா எப்படி மிஸ் கூடும்?" என்று கண்ணை விரித்துக் கேட்கும் பிள்ளையை நான் கொண்டாடுவேன். உண்மையிலேயே யோசிக்கிற பிள்ளை அது.

வகுத்தல் என்றதும் நம் மனத்தில் வருவது பங்கு போடுவது. அஞ்சு ரூபாயை ரெண்டு பேருக்குப் பிரித்தால் குறையத்தான் செய்யும். ஆனால் அரை ஆளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று ஒன்று கிடையாது. அங்கே பங்கு என்ற எண்ணம் உதவாது. அப்போது வேறு கேள்வி கேட்க வேண்டும்: "இதில் அது எத்தனை முறை அடங்கும்?" அஞ்சு ரூபாயில் எட்டணா (50 பைசா) எத்தனை அடங்கும்? பத்து. அடங்குகிற பொருள் 1ஐவிடச் சிறியதாக இருந்தால் அதிக முறை அடங்கும், அவ்வளவுதான். கட்டத் தாளில் 100 சதுரம் வரைந்து, 60ஐ வண்ணமிட்டு, அதைப் பதினைந்து பதினைந்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நான்கு கூட்டம் வரும். 0.6 ÷ 0.15 = 4.

மூன்றாவதாக ஓர் அர்த்தமும் வகுத்தலுக்கு உண்டு: ஓர் அலகுக்கு எவ்வளவு என்று பார்ப்பது. கடைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும். 200 கிராம் காபித்தூள் 130 ரூபாய், 500 கிராம் 310 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. எது மலிவு? 130 ÷ 0.2 = 650. 310 ÷ 0.5 = 620. இரண்டும் ஒரு கிலோவின் விலைகள். கால் கிலோகூட இல்லாத பொட்டலத்தின் விலையை முழுக் கிலோவுக்கு நீட்டிப் பார்க்கும்போது விலை கூடுவதில் வியப்பில்லை.

10, 100, 1000ஆல் வகுக்கவும் நீள் வகுத்தல் போடவேண்டுமா?

வேண்டாம். எத்தனை பூஜ்ஜியமோ அத்தனை இடம் புள்ளி இடப்பக்கம் வரும். 47.5 ÷ 10 = 4.75, 47.5 ÷ 1000 = 0.0475. இடம் போதாவிட்டால் முன்னால் பூஜ்ஜியம் போடுங்கள்.

சில வகுத்தல்கள் முடியவே மாட்டேன் என்கின்றனவே?

100 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் 33.333... என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் மீதி 1 வருகிறது. அதே மீதி வந்தால் அதே இலக்கம்தான் வரும். 1 ÷ 7 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 0.142857 வரை வந்து, மறுபடி 142857 என்று சுற்றும். இப்படிப்பட்டவற்றுக்குச் சுழல் தசம எண் என்று பெயர்.

எது முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பின்னமாக எழுதி, சுருக்கிய பிறகு, பகுதியில் (பின்னத்தின் கீழ் எண்ணில்) 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் முடியும். 8 முடியும், 40 முடியும். 3, 7, 12 முடியாது. காரணம், நாம் பத்துப் பத்தாகச் சில்லறை மாற்றுகிறோம், பத்துக்குள் இருப்பது 2ம் 5ம்தான்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு நம் பழைய கீழ்வாயிலக்கத்தைக் காட்டாமல் நான் விடுவதில்லை. அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320). இந்தப் பகுதிகளைக் காரணிப்படுத்தச் சொல்வேன். 320 என்பது ஆறு 2களும் ஒரு 5ம். ஒன்றுகூட விலகாமல் எல்லாம் 2, 5இல் அடங்கிவிடும். அதனால் இந்தப் பின்னங்கள் அத்தனையும் முடிகிற தசமங்கள்: மா 0.05, வீசம் 0.0625, காணி 0.0125, முந்திரி 0.003125. 320ஆல் 1ஐ வகுத்து அந்த 0.003125 வந்து நிற்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். நீள் வகுத்தலுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நம் பணமும் தசமத்துக்கு வந்தது சமீபத்தில்தான். 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதன் பிறகு 100 நயா பைசா. ஓர் அணா எத்தனை நயா பைசா? 100 ÷ 16 = 6.25. நாலணா சரியாக 25 பைசா, எட்டணா 50 பைசா என்று பொருந்தியதால்தான் அந்தப் பெயர்கள் வாயில் தங்கின. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டு வரச் சொல்லுங்கள்.

வாக்கியக் கணக்கில் பெருக்குவதா வகுப்பதா என்றே தெரியவில்லை. என்ன வழி?

"ஒவ்வொரு என்று வந்தால் வகு, மொத்தம் என்று வந்தால் பெருக்கு" என்று சொல்லித் தருகிறார்கள். அந்த வழியை விட்டுவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். "ஒவ்வொரு பையிலும் 2.5 கிலோ, 6 பை" என்றால் அதிலும் ஒவ்வொரு இருக்கிறது, அது பெருக்கல்.

நான் சொல்லும் வழி: புள்ளியுள்ள எண்களை எடுத்துவிட்டு, சின்ன முழு எண்களை வைத்து அதே வாக்கியத்தைப் படி. "2.4 கிலோ கத்தரிக்காய் 108 ரூபாய், ஒரு கிலோ என்ன விலை?" திகைக்கிறாயா? "2 கிலோ 100 ரூபாய், ஒரு கிலோ என்ன விலை?" 50 என்று யோசிக்காமல் வாயில் வரும். எப்படி வந்தது? வகுத்தாய். அப்படியானால் மேலே இருப்பதும் வகுத்தல்தான். 108 ÷ 2.4 = 1080 ÷ 24 = 45 ரூபாய். எண்கள் சிக்கலாக இருப்பதால் கதை மாறாது.

எந்த எண்ணை எதனால் வகுப்பது என்ற குழப்பமும் இதே வழியில் தீரும். 0.8 மீட்டர் ஜாக்கெட் துணியை 20 மீட்டர் சுருளிலிருந்து வெட்டும் கணக்கில், வாக்கியத்தில் முதலில் வருவது 0.8 என்பதற்காக 0.8 ÷ 20 என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டப்படுவது எது, வெட்டும் அளவு எது? 20 ÷ 0.8 = 25.

விடை 4.444... என்று வந்தால் என்ன எழுதுவது?

கதையைப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் துணி, ஒரு சட்டைக்கு 2.25 மீட்டர். 10 ÷ 2.25 = 4.44... நாலும் கொஞ்சமும் என்றெல்லாம் சட்டை தைக்க முடியாது, 4 சட்டை. 17.5 லிட்டர் எண்ணெயை 2 லிட்டர் கேன்களில் ஊற்ற எத்தனை கேன் வேண்டும்? 8.75. இங்கே 8 என்று எழுதினால் ஒன்றரை லிட்டர் எண்ணெய் தரையில். 9 கேன் வேண்டும். இரண்டிலும் 'கிட்டிய முழு எண்' விதி முடிவு செய்யவில்லை, பொருள்தான் முடிவு செய்தது.

இதில் ஆசிரியர்களே சறுக்கும் ஓர் இடம் உண்டு. சட்டைக் கணக்கில் துணி எவ்வளவு மிஞ்சும்? 1000 ÷ 225 என்று மாற்றிப் போட்டால் ஈவு 4, மீதி 100. 100 மீட்டர் மிஞ்சியதா? இருந்ததே 10 மீட்டர்தான். அலகை மாற்றியதால் ஈவு மாறாது, ஆனால் மீதி புதிய அலகில்தான் வரும். அந்த 100, சென்டிமீட்டர். மிஞ்சிய துணி 1 மீட்டர். புள்ளியை நகர்த்துவது வெறும் மந்திரம் என்று கற்ற பிள்ளைக்கு இது புரியாது; அலகு மாற்றம் என்று கற்ற பிள்ளை தானே சொல்லிவிடும்.

விடையை எத்தனை தசம இடத்துக்குத் திருத்த வேண்டும்?

ரூபாய் என்றால் இரண்டு இடம். மற்றவற்றுக்குக் கேள்வியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் எப்போது திருத்துகிறோம் என்பதுதான் இங்கே பெரிய விஷயம்: கடைசியில் மட்டும். நடுவில் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நிலக் கணக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

பட்டாவில் பரப்பு 0.32.50 என்று இரண்டு புள்ளியோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 0 ஹெக்டேர், 32.50 ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர் என்பதால் தசமத்தில் எழுதினால் 0.3250 ஹெக்டேர். இதை நான்கு உடன்பிறப்புகள் சமமாகப் பிரிக்கிறார்கள். 0.325 ÷ 4 = 0.08125 ஹெக்டேர். "ரெண்டு இடம் போதும்" என்று யாராவது 0.08 என்று எழுதிவிட்டால் விட்டுப்போனது 0.00125 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே விட்டுப்போனது 12.5 சதுர மீட்டர், சுமார் 135 சதுர அடி. ஒரு படுக்கையறை அளவு நிலம், ஒவ்வொருவருக்கும். ஹெக்டேர் பெரிய அலகு. பெரிய அலகில் இரண்டாம் தசம இடம்கூடப் பெரிய பொருள். 8.125 ஏர் என்று வைத்துக்கொண்டு, ஏருக்கு 2.47 சென்ட் என்று பெருக்கினால் ஆளுக்குச் சுமார் 20.07 சென்ட் வரும்.

சென்னைப் பக்கம் கிரவுண்டில் பேசுவார்கள். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டில் எத்தனை சென்ட்? 24000 ÷ 4356. விடை 5.51 என்று வருகிறதா பாருங்கள்.

புள்ளி இருந்தால் எல்லாமே தசம எண்தானா?

இல்லை. வாக்கியக் கணக்கில் மிகப் பெரிய குழி இது. பட்டாவின் இரண்டு புள்ளியை இப்போதுதான் பார்த்தோம். கிரிக்கெட்டில் 18.3 ஓவர் என்றால் 18 ஓவரும் 3 பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அது 18.5 ஓவர். 18.3 ஓவரில் 148 ரன் எடுத்த அணியின் ரன் விகிதம் 148 ÷ 18.5 = 8. அதை 148 ÷ 18.3 என்று போட்டால் 8.09 என்று தவறான விடை வரும். கிரிக்கெட் பார்க்கும் பையன்கள் இதை நொடியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

2.30 மணி நேரம் என்று எழுதுவது 2.5 மணி நேரம். 5.6 அடி உயரம் என்று பேச்சில் சொல்வது 5 அடி 6 அங்குலம், அதாவது 5.5 அடி. வகுக்கத் தொடங்கும் முன் "இந்தப் புள்ளிக்குப் பின்னால் பத்துக்குப் பத்தா, ஆறா, அறுபதா, பன்னிரண்டா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று படி உள்ள கணக்கு வந்தால்?

ஒவ்வொரு படியின் விடைக்குப் பக்கத்திலும் அது என்ன என்று சொல்லில் எழுதவேண்டும். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மா 12.6 கிலோ மாவை 0.9 கிலோ பாக்கெட்டுகளாகப் போடுகிறார். பாக்கெட் 45 ரூபாய். அரிசி, உளுந்து, மின்சாரம், பை எல்லாம் சேர்த்துச் செலவு 371 ரூபாய். ஒரு பாக்கெட்டுக்கு லாபம் எவ்வளவு?

12.6 ÷ 0.9 = 14 பாக்கெட். 14 × 45 = 630 ரூபாய் வரவு. 630 − 371 = 259 ரூபாய் மொத்த லாபம். 259 ÷ 14 = 18.50 ரூபாய், ஒரு பாக்கெட்டுக்கு. 'பாக்கெட்', 'வரவு' என்ற சொற்களை எழுதாத பிள்ளை, 630ஐ 12.6ஆல் வகுத்துவிட்டு அது என்னவென்று தெரியாமல் நிற்கும்.

போனில் கால்குலேட்டர் இருக்கிறது. இதெல்லாம் எதற்கு?

கால்குலேட்டர் வகுத்துத் தரும். எதை எதனால் வகுப்பது என்று சொல்லாது. புள்ளியைத் தவறாக அழுத்தினால் எதிர்த்துக் கேட்காது. ஒரு புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் விடை பத்து மடங்கு மாறிவிடும். குழந்தைக்கு மருந்தளவு கணக்கிடும் செவிலியருக்கு அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகவே கையால் போட்டாலும் போனில் போட்டாலும், முதலில் குத்துமதிப்பாக விடையைச் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும். 3.6 லிட்டர் பெட்ரோலில் பைக் 171 கிலோமீட்டர் ஓடியது, லிட்டருக்கு எவ்வளவு? 180ஐ 3.6ஆல் வகுத்தால் 50. அப்படியானால் விடை 50க்குக் கொஞ்சம் கீழே. வந்தது 47.5. சரி. 4.75 என்றோ 475 என்றோ வந்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். கடைசியாக ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கிப் பார்த்துவிடலாம்: 47.5 × 3.6 = 171.

நான் படித்த முறை வேறு. வீட்டில் என் முறையில் சொல்லித்தரலாமா?

தாராளமாக. 3.6 ÷ 0.45ஐப் பின்னமாக்கி, தலைகீழாக்கிப் பெருக்கியும் செய்யலாம். விடை அதே 8. ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரே நாளில் இரண்டு முறையையும் சொல்லாதீர்கள். பள்ளி முறை கைக்கு வந்த பிறகு உங்கள் முறையைச் சரிபார்க்கும் வழியாகக் காட்டுங்கள்.

பயிற்சிக்குச் சில கணக்குகள் தர முடியுமா?

எண்களாக: 9.36 ÷ 4, 5.05 ÷ 5, 0.56 ÷ 0.07, 3 ÷ 0.12, 0.3 ÷ 8.

கதையாக மூன்று. 5.2 கிராம் கம்மல் எத்தனை பவுன்? 10 மீட்டர் நூல்கண்டில் 1.35 மீட்டர் வீதம் எத்தனை மாலைக்கு நூல் வரும், எவ்வளவு மிஞ்சும்? 14.2 ஓவரில் 86 ரன் எடுத்த அணியின் ரன் விகிதம் என்ன?

விடைகள்: 2.34, 1.01, 8, 25, 0.0375. கம்மல் 0.65 பவுன். 7 மாலை, மிச்சம் 0.55 மீட்டர், 55 என்று மட்டும் எழுதியிருந்தால் மீதியின் அலகை மறுபடி பாருங்கள். கடைசிக் கணக்கில் 14 ஓவர் 2 பந்தைத் தசமமாக்கப் போனால் 14.333... என்று முடியாமல் ஓடும். அதை விட்டுவிட்டுப் பந்துகளாக எண்ணுங்கள். 14 × 6 + 2 = 86 பந்து, 86 ரன். பந்துக்கு ஒன்று, ஓவருக்கு 6.